ஆறு மணிக்கு மேல் ஒரு கோல்

என் மாமா பதினான்கு வருடம் சம்பளத்துக்குக் காற்பந்து விளையாடினார். அத்தனை வருடத்தில் எதிரணியின் வலைக்குள் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. இரண்டு போட்டார் என்று அப்பா சொல்வார். அந்த இரண்டும் சொந்த வலைக்குள் போனவை. கல்யாண வீடு, கருமாதி வீடு என்ற வித்தியாசம் பார்க்காமல் அப்பா இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிய கதை போலக் கேட்டுச் சிரிப்பார்.

அவர் தற்காப்பு ஆட்டக்காரர். அடுத்தவன் செய்ய வருவதைச் செய்யவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய வேலை. செந்தூலில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் இருந்த திடலில் தொடங்கி, மாநில இளையோர் அணி, பிறகு பெரிய அணி என்று ஏறினார். ஒரு வருடம் கெடா மாநில அணியில் இருப்பார், அடுத்த வருடம் ஜொகூர் அணியில். ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம்தான். ஆண்டு இறுதியில் தொலைபேசி அடித்தால் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். மாமாவின் மூக்கு இரண்டு முறை உடைந்து சற்று இடதுபக்கம் திரும்பியிருக்கும். முன்பல் ஒன்று கட்டியது. தொலைக்காட்சியில் ஆட்டம் வந்தால் நாங்கள் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்து பார்ப்போம். ஆனால் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். மாமாவின் முழங்கால் தெரியும், ஒரு தோள் தெரியும். வர்ணனையாளர் அவர் பெயரைச் சொன்னால், ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் என் மாமா காற்பந்து வீரர் என்று பெருமையடித்திருந்தேன். "எத்தனை கோல் போட்டிருக்காரு?" என்று ஒரே ஒரு கேள்வியில் எல்லோரும் என் வாயை அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மாமாமேல் எனக்கு ஒரு மனக்குறை. அவ்வளவு நேரம் திடலில் நிற்கிறாரே, ஒரு தடவை முன்னால் போய் உதைத்துவிட்டு வந்தால் என்ன?

அம்மாவின் கவலை வேறு. தாத்தாவும் பாட்டியும் சீக்கிரமே போய்விட்டதால் தம்பியை வளர்த்தது அம்மாதான். மாமாவுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த வரன்களெல்லாம் ஒரே இடத்தில் வந்து இடித்துக்கொண்டு நின்றன. ஈப்போவிலிருந்து வந்த ஒரு வீட்டார் அம்மா செய்த பாயசத்தை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, "பந்து விளையாடறாரு, சரிங்க. வேலை என்ன பண்றாரு?" என்று கேட்டார்கள். இதுதான் வேலை என்றதும் எழுந்து செருப்பைத் தேடினார்கள். அதன் பிறகு எங்கள் வீட்டில் வெகுநாள் பாயசம் வைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கிள்ளான் வரன் வந்தது. பெண்ணின் அப்பா போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் இறக்கும் இடத்தில் ஷிப்டு மேற்பார்வையாளர். பெண்ணுக்கு மருந்துக்கடையில் வேலை. ஜாதகம் பொருந்தியது. பெண் பார்க்க நாள் குறிப்பதில்தான் சிக்கல். மாமாவுக்கு ஒரு வாரம் குவாந்தானில் ஆட்டம், மறு வாரம் பயிற்சி முகாம். அவர் இருக்கும் நாளில் பெண்ணின் அப்பாவுக்கு இரவு ஷிப்டு. கடைசியில் பெண்ணின் அப்பாவே ஒரு யோசனை சொன்னார். வீட்டு நாற்காலியில் உட்கார வைத்தால் எந்த மாப்பிள்ளையும் நல்லவனாகத்தான் தெரிவான், வேலை இடத்தில் பார்த்தால்தான் ஆளைத் தெரியும் என்பது அவர் கட்சி. மூத்த மருமகன் லோரி ஓட்டுபவர். அவரை நிச்சயம் செய்யும் முன் தெலுக் இந்தான் வரை அவர் லோரியிலேயே போய் வந்தாராம். அதனால் மாமாவையும் மைதானத்தில் பார்த்துவிடலாம் என்றார்.

அம்மா சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, அழைப்பை வைத்துவிட்டு நாள்காட்டியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் மாலை நாலே முக்காலுக்கு. நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் கிள்ளானிலிருந்து பெண்ணின் அம்மாவும் அழைத்தார். அவர் வீட்டு நாள்காட்டியிலும் அதே ராகு காலம்தான் இருந்தது.

இரண்டு அம்மாக்களும் தொலைபேசியில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மைதானத்துக்குப் போகலாம். ஆனால் ஆறு மணி வரை பெண் மாப்பிள்ளையைப் பார்க்கக் கூடாது. எல்லோரும் வெளியே கார் நிறுத்துமிடத்தில் இருந்துவிட்டு ஆறு அடித்ததும் உள்ளே போவது.

"ஆறரைக்கெல்லாம் ஆட்டமே முடிஞ்சிரும்" என்றார் அப்பா.

"அரை மணி நேரம் போதாதா, ஒரு ஆளைப் பார்க்கறதுக்கு?" என்றார் அம்மா.

அத்தோடு விடவில்லை. மாமாவை அழைத்து, "தம்பி, ஒரே ஒரு கோல் போட்டுரு. ஆறு மணிக்கு மேல போடு" என்றார்.

"அக்கா, நான் டிஃபென்டர்."

"அதனால என்ன? உன் பக்கமும் பந்து வருமில்ல?"

மாமா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா திருப்தியான முகத்தோடு தொலைபேசியை வைத்தார். எனக்கும் அதே திருப்திதான். இவ்வளவு நாள் யாரும் மாமாவிடம் கேட்கவில்லை, அதுதான் அவர் கோல் போடவில்லை என்று தோன்றியது.

ஞாயிறன்று நாங்கள் போய்ச் சேரும்போது கிள்ளான் வீட்டார் ஏற்கெனவே ஒரு மரத்தடியில் காரை நிறுத்திப் பாய் விரித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, ஒரு பெரியப்பா, பெண். அம்மா பதினைந்து பேருக்குப் போதுமான நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் கறிபாப் பலகாரமும் கொண்டுவந்திருந்தார். அவர்கள் முறுக்கும் ஒரு பெரிய பிளாஸ்க் நிறையத் தேநீரும் கொண்டுவந்திருந்தார்கள். அணிச் சட்டை போட்டுக் கொடி பிடித்துக்கொண்டு போனவர்கள், பட்டுப்புடவையில் பாயில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்மணிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பெண் நீல நிறப் பஞ்சாபி உடையும், காலில் ஓட்டப்பந்தயக் காலணியும் போட்டிருந்தார். படிக்கட்டு ஏறணுமே என்றாராம். அம்மாவின் கண் அந்தக் காலணியில் கொஞ்சம் அதிக நேரமே நின்றது.

ராகு காலம் பார்ப்பதெல்லாம் பெண்ணுக்குத்தான், எனக்கில்லை என்று அப்பா சட்டம் பேசி உள்ளே கிளம்பினார். என்னையும் கூட்டிக்கொண்டார். உள்ளே சத்தத்தில் தொலைபேசி கேட்காது என்பதால், நடப்பதை வெளியே வந்து சொல்வது என் பொறுப்பு. வாயிற்காவலர் முதல் தடவை டிக்கெட் கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்ததும், "ஜங்ஙான் லாரி, அடிக்" என்று ஓடாமல் போகச் சொல்வதோடு விட்டுவிட்டார்.

எங்கள் அணி சீக்கிரமே ஒரு கோல் போட்டது. ஓடினேன்.

"நம்ம டீம் ஒரு கோல் போட்டிருச்சு."

அம்மா பாதி எழுந்துவிட்டார். "தம்பியா போட்டான்?"

"இல்ல. வேற யாரோ."

"நல்லது" என்று சொல்லிக்கொண்டே அம்மா உட்கார்ந்தார். மணி ஐந்துகூட ஆகாதபோது மாமா போட்டிருந்தால் வீணாகியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

இரண்டாவது தடவை போனபோது பெண்ணின் அம்மாவே கேட்டார். "உங்க மாமா என்னம்மா பண்றாரு உள்ள?"

நான் பொய் சொல்லாத பிள்ளை. "சும்மா நிக்கிறாரு. கை காட்டுறாரு. கத்துறாரு."

"கத்துறாரா? யாரை?"

"எல்லாரையும். கோல் கீப்பரைக்கூடத் திட்டுறாரு."

பெண்ணின் அம்மா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கறிபாப்பைக் கீழே வைத்தார். என் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வீட்டுக்குப் போன பிறகு நடக்கப்போவதெல்லாம் இருந்தது. "அவன் அப்படியெல்லாம் கத்தற ஆள் இல்லீங்க, பூனை மாதிரி" என்று ஏதோ சமாளித்தார்.

கல்யாணப் பெண்ணான அந்த அக்கா மட்டும் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி ஒரு முறுக்கைக் கொடுத்தார். "எதிர் டீம் எத்தனை கோல் போட்டாங்க?"

"ஒண்ணும் போடல."

"போடறதுக்கு வந்தாங்களா?"

"நிறைய தடவை வந்தாங்க. ஆனா அவங்க பந்தைக் கொண்டு வர்ற எடத்துல எல்லாம் மாமா முன்னாடியே போய் நின்னுக்கிறாரு. அவர் ஓடறதே இல்லக்கா. எல்லாரும் ஓடுறாங்க, அவர் மட்டும் சோம்பேறி மாதிரி."

அக்கா சிரித்தார். "நானும் ஸ்கூல்ல நெட்பால் டீம்ல டிஃபென்ஸ்தான்" என்றார். அதற்கும் நான் சொன்னதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. முறுக்கு நன்றாக இருந்ததால் கேட்கவும் இல்லை.

மாமாவின் ஆட்ட வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த முதல் பாதி அதுதான் என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார். இரண்டு பந்தைக் கோல் கோட்டிலிருந்து எடுத்துப் போட்டாராம். ஒன்றைத் தலையால், ஒன்றை எதனாலோ. அதைப் பார்க்க வேண்டியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து, கிள்ளானில் எந்தக் கடையில் பட்டு நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மணிக்கு எல்லோரும் எழுந்தார்கள். பெண்ணின் அம்மா தன் கைக்கடிகாரத்தை நம்பாமல் பெரியப்பாவின் கடிகாரத்தையும் பார்த்தார். கூடைகளோடு படியேறி அப்பா பிடித்து வைத்திருந்த இடத்தில் உட்காரும்போது இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. இன்னும் அதே ஒரு கோல்தான். அம்மா கையை நீட்டி, "அதோ, நாலாம் நம்பர். உயரமா இருக்கானே, அவன்தான்" என்றார். கிள்ளான் வீட்டார் நால்வரும் ஒரே நேரத்தில் மாமாவைப் பார்த்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் நடுத்திடலில் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி வந்தான். குதிரை மாதிரி ஓட்டம். நம் ஆட்கள் எல்லோரும் முன்னால் போயிருந்தார்கள். மாமாவும் கோல் கீப்பரும் மட்டும்தான் பின்னால். அவன் மாமாவையும் தாண்டிவிட்டான். அதுவரை ஓடாத மாமா அப்போது ஓடினார். எட்டிப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் உருண்டார்கள்.

விசில். நடுவர் ஓடி வந்து பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து உயர்த்தினார்.

மாமா விழுந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தார். எங்கள் பக்கத்து ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். இவ்வளவு பேர் பார்க்க என் மாமாவை வெளியே போ என்று சொல்லிவிட்டார்களே. பள்ளியில் நாளைக்கு நான் என்ன சொல்வேன்?

"ஏன் வெளிய போறாரு?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

அப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "வேலை முடிஞ்சிருச்சுங்க. நல்லா விளையாடினவங்களைக் கொஞ்சம் சீக்கிரமே அனுப்பிருவாங்க. பாருங்க, எல்லாரும் கைதட்டறாங்க."

"ஷிப்டு முடியறதுக்கு முன்னாடியேவா?" பெண்ணின் அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. "நல்ல கம்பெனி லா."

நான் வாயைத் திறந்தேன். அப்பாவுக்கு ஆட்ட விதி தெரியவில்லை, திருத்தலாம் என்றுதான். அதற்குள் அந்த அக்கா என் முழங்காலில் கை வைத்து மெதுவாக அழுத்தினார். திரும்பிப் பார்த்தேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு திடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விதி தெரியும் என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஏன் பேசாமல் இருக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

மிச்ச நேரம் பத்துப் பேரை வைத்துக்கொண்டு எங்கள் அணி தாக்குப்பிடித்தது. அம்மா எந்தச் சாமியையெல்லாம் கூப்பிட்டார் என்று தெரியாது. கோல் விழவில்லை. ஜெயித்துவிட்டோம்.

கார் நிறுத்துமிடத்துக்கு மாமா ஈரத் தலையோடு, தோளில் பையோடு, முழங்கையில் சிராய்ப்போடு வந்தார். அணி ஜெயித்த முகமாக அது இல்லை. அப்பா தூரத்திலிருந்தே கண்ணைக் காட்டினார், புருவத்தை உயர்த்தினார், கழுத்தைச் சொறிந்தார். மாமா அதில் எதையும் கவனிக்கவில்லை.

பெண்ணின் அப்பா கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா வேலை பார்த்தீங்கன்னு சீக்கிரம் அனுப்பிட்டாங்களாமே" என்றார்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார்.

"இல்லீங்க அங்கிள். தப்பு பண்ணிட்டேன், அதான் தொரத்திட்டாங்க. அவன் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டேன்."

கூடையை மூடிக்கொண்டிருந்த அம்மாவின் கை பாதியில் நின்றது. ஈப்போக்காரர்கள் செருப்பைத் தேடியபோது இருந்த அதே முகம். இந்த வரனும் போய்விட்டது என்று அந்த முகத்தைப் பார்த்து எனக்கே தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. ஒரு உண்மையைக் கூடவா இந்த மாமாவால் தடுத்து வைத்திருக்க முடியாது?

"தெரிஞ்சா இழுத்தீங்க?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா. குரலில் சிரிப்பு இல்லை.

"தெரிஞ்சுதான் அங்கிள். விட்டிருந்தா கோல். மத்த பத்துப் பேரு அவ்வளவு நேரம் பாடுபட்டது போயிரும். நான் ஒருத்தன் வெளிய போறது பரவாயில்லன்னு தோணிச்சு."

பெண்ணின் அப்பா தாடையைத் தடவினார். பெரியப்பா தொண்டையைச் செருமினார். அப்போது அந்த அக்கா, பெரியவர்கள் இத்தனை பேர் இருக்கும் இடத்தில், மாமாவை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"சிவப்பு அட்டை வாங்கினா அடுத்த ஆட்டம் விளையாட விடமாட்டாங்க, இல்ல?"

"ஆமாங்க. ஒரு ஆட்டம் வெளியதான்."

"அப்ப அடுத்த ஞாயிறு சும்மாதான இருப்பீங்க. வீட்டுக்கு வாங்க."

அம்மாவின் கையிலிருந்த கூடை மூடி கீழே விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை. மூக்கு உடைந்தபோதும் முகம் மாறாத என் மாமாவின் காது இரண்டும் சிவந்துபோயின. பெண்ணின் அப்பா மகளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கடைசியில் சிரித்துவிட்டார்.

எனக்கு மட்டும் கோபம் கோபமாக வந்தது. தண்டனை கிடைத்த மனிதரைப் பார்த்து, நல்லதாகப் போயிற்று, சும்மாதானே இருப்பாய் என்று கிண்டல் செய்கிறாரே. முறுக்கு கொடுத்தபோது நல்ல அக்கா என்று நினைத்தேனே. வீடு திரும்பும் வழியில் காரில் இதைச் சொன்னேன். அந்த அக்கா வேண்டாம், வேறு அக்கா பாருங்கள் என்றேன். அப்பா சிரித்த சிரிப்பில் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு நாங்கள் கிள்ளானுக்குப் போனோம். காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். தட்டு மாற்றிப் பேசி முடித்து, மத்தியானச் சாப்பாடு, அப்புறம் தேநீர் என்று நேரம் போயிற்று. மாலையில் மாமாவின் அணி, மாமா இல்லாமல், தொலைக்காட்சியில் ஆடியது. பெண்ணின் அப்பாவும் என் அப்பாவும் நானும் கூடத்தில் பார்த்தோம். மாமா வெளியே கார் நிற்கும் இடத்தில், அந்த அக்காவோடு பேசிக்கொண்டு நின்றார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. இருவரும் நகரவில்லை.

முதல் கோல் விழுந்ததும் ஓடிப் போய்ச் சொன்னேன். "மாமா, நம்ம டீம் கோல் வாங்கிருச்சு."

"அப்படியா" என்றார்.

இரண்டாவது விழுந்தது. மறுபடி ஓடினேன். "ம்" என்றார், திரும்பிப் பார்க்காமல். மூன்றாவதற்கு அதுவும் இல்லை. எந்தப் பக்கமாக வந்தான், யார் விட்டது, கீப்பர் எங்கே நின்றான் என்று பந்து கண்ணில் பட்டாலே ஆயிரம் கேள்வி கேட்கும் மனிதர். கோல் போட முடியாவிட்டாலும் விட முடியாதவர். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் அவருக்குத் தெரியவில்லை.

பயந்துபோய்ச் சமையல்கட்டுக்கு ஓடினேன். அம்மா பெண்ணின் அம்மாவோடு தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமாவுக்குக் காதில் ஏதோ கோளாறு, போன வாரம் விழுந்ததில் அடிபட்டிருக்க வேண்டும், மூன்று கோல் விழுந்ததுகூட அவருக்குக் கேட்கவில்லை, நாளைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அம்மா தட்டை வைத்துவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே நின்ற இருவரையும் பார்த்தார். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அம்மாவே அழுகிறார் என்றால், கோளாறு நான் நினைத்ததைவிடப் பெரிதுதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.